ஒரு போராட்டம் எப்போது இனப் போராட்டமாக மாறுகிறது? சமூகவியல் வழியில் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1968 ஆகஸ்ட் 24 அன்று வட அயர்லாந்தின் கோல்ஐலண்ட் என்ற சிற்றூரிலிருந்து டங்கானன் வரை ஓர் ஊர்வலம் போனது. போனவர்கள் கேட்டவை எளிய விஷயங்கள். வீடு ஒதுக்குவதில் பாகுபாடு கூடாது, வேலையில் மதம் பார்க்கக் கூடாது, உள்ளாட்சித் தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு வேண்டும். எல்லையை மாற்ற வேண்டும், நாட்டை இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அதே ஊர்களில் தேசமும் கொடியும் தவிர வேறு பேச்சில்லை. 1972-ல் மட்டும் சுமார் 480 பேர் கொல்லப்பட்டார்கள். 1998-ல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாவதற்குள் ஏறத்தாழ 3,500 உயிர்கள் போயிருந்தன.

நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் நாம் படிக்கப் போகிறோம். “அவர்களுக்குள் நூற்றாண்டுப் பகை, என்றாவது வெடித்திருக்கும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த வரியை நான் நம்பவில்லை. இன அடையாளம் போராட்டத்துக்குக் காரணமாக இருப்பது உண்மைதான். ஆனால் போராட்டம் நடந்த விதத்தாலேயே அந்த அடையாளம் இறுகிப்போவதும் அதே அளவு உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், எந்த நாட்டுப் போராட்டத்தைப் பற்றிய செய்தியையும் வேறு கண்ணால் படிப்பீர்கள்.

தமிழில் எழுதிக்கொண்டு ஏன் வட அயர்லாந்து? நமக்கு நெருக்கமான போராட்டத்தில் தொடங்கினால், பெயர்களைக் கேட்டதுமே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்வது குற்றமில்லை. கருவிகள் கைக்குப் பழகும் வரை சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வது நல்லது. வட அயர்லாந்து சின்ன இடம், அன்றைய மக்கள்தொகை சுமார் 15 லட்சம்தான். ஆவணங்களும் ஏராளம்.

பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும். 1921-ல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கில் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அங்கே மூன்றில் இரண்டு பங்கு புராட்டஸ்டன்ட்கள். பெரும்பாலும் பிரிட்டனோடு இருக்க விரும்பிய யூனியனிஸ்ட்கள். மீதி மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கர்கள். பெரும்பாலும் ஐரிஷ் தேசியவாதிகள். ஸ்டார்மான்ட் என்ற இடத்தில் தனி நாடாளுமன்றம். 1921 முதல் 1972 வரை ஒரே கட்சி, யூனியனிஸ்ட் கட்சி, இடைவெளியே இல்லாமல் ஆண்டது.

1. முதலில் தேதிகளை எழுதுங்கள்

கோட்பாட்டுப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடதுபுறம் போராடியவர்கள் செய்தது. வலதுபுறம் மற்றவர்கள் செய்தது: அரசு, காவல்துறை, எதிர்த்து ஊர்வலம் போனவர்கள், ராணுவம். பெரும்பாலானோர் இடதுபக்கத்தை மட்டும் எழுதுகிறார்கள். அப்போது இயக்கம் தானாகவே வளர்ந்து, தானாகவே வன்முறைக்குப் போனது போலத் தெரியும்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். “கத்தோலிக்கர்கள் கொதித்தெழுந்தார்கள்”, “புராட்டஸ்டன்ட்கள் அஞ்சினார்கள்” என்று எழுதக் கூடாது. எந்த அமைப்பு, எந்த ஊர், எந்த நாள், யார் என்று எழுத வேண்டும். ஒரு சமூகம் முழுவதும் ஒரே ஆள் போல யோசித்து ஒரே ஆள் போல நடந்துகொள்கிறது என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை ரோஜர்ஸ் புரூபேக்கர் என்ற சமூகவியலாளர் கடுமையாக எச்சரித்திருக்கிறார். அமைப்புகள் ஒரு சமூகத்தின் பெயரால் பேசும். அதை வைத்துச் சமூகமே பேசியது என்று நாம் எழுதிவிடக் கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

1964-ல் டங்கானனில் மருத்துவர் கான் மெக்லஸ்கியும் அவர் மனைவி பட்ரீஷியாவும் சமூகநீதிப் பிரச்சாரம் என்ற அமைப்பைத் தொடங்கியதிலிருந்து 1972 மார்ச்சில் ஸ்டார்மான்ட் முடக்கப்பட்டது வரை இந்தப் பட்டியலை நிரப்பிப் பாருங்கள். முப்பது, நாற்பது வரிகள் வந்தால் போதும்.

2. குறை என்ன, அது எப்படி இயங்கியது

போராட்டம் என்றால் குறை இருந்தே தீரும். அது இருந்ததா இல்லையா என்று கேட்டு நிறுத்திவிட்டால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தக் குறை எந்த ஏற்பாட்டின் வழியாக நாள்தோறும் வீட்டுக்குள் வந்தது என்று பாருங்கள்.

வட அயர்லாந்தில் அந்த ஏற்பாடு அசாத்தியமான நுட்பம் கொண்டது. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு வரி கட்டும் குடும்பத் தலைவருக்கும் துணைக்கும்தான் ஓட்டு. பெற்றோர் வீட்டில் இருக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கு இல்லை, வாடகை அறையில் ஒண்டியிருப்பவர்களுக்கும் இல்லை. நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கோ கூடுதலாக ஆறு ஓட்டு வரை உண்டு. ஆக, நகராட்சி ஒரு குடும்பத்துக்கு வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டையும் சேர்த்து ஒதுக்குகிறது என்று பொருள். வீடு கொடுப்பவர் யார்? அதே ஓட்டில் வென்ற கவுன்சிலர்.

டெரி நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். (யூனியனிஸ்ட்களுக்கு அது லண்டன்டெரி.) மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கத்தோலிக்கர்கள். ஆனாலும் வார்டு எல்லைகளை வரைந்த விதத்தால், நகராட்சியில் யூனியனிஸ்ட்கள் 12 பேர், தேசியவாதிகள் 8 பேர். கத்தோலிக்கர்கள் எல்லோரும் தெற்கு வார்டில் நெருக்கி அடைக்கப்பட்டார்கள். வேறு வார்டில் அவர்களுக்கு வீடு கட்டினால் கணக்கு மாறிவிடும். அதனால் அந்த வார்டுக்குள்ளேயே இடம் தீர்ந்து, 1960களில் உயரமான அடுக்குமாடிகள் எழுந்தன. பாகுபாடு என்ற சொல்லை நூறு முறை எழுதுவதைவிட இந்த ஒரு ஏற்பாட்டை விளக்குவது மேல். இன்னொன்றையும் கவனியுங்கள்: இதே விதியால் சொந்த வீடற்ற ஏழைப் புராட்டஸ்டன்ட்களும் ஓட்டு இழந்தார்கள். இரு பக்க ஏழைகளும் சேர்ந்து கேட்டிருக்கக்கூடிய கோரிக்கை அது.

இங்கே அடுத்த கேள்வி வரும். இந்த விதிகள் 1920களிலிருந்தே இருந்தவை. அப்படியானால் ஏன் 1968? குறை அதிகமானால் போராட்டம் வரும் என்று மட்டும் வைத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்காது. டெட் கர் போன்ற ஆய்வாளர்கள் வேறு அளவுகோலைச் சொன்னார்கள்: எவ்வளவு இல்லை என்பது அல்ல, எதை எதிர்பார்த்து எது கிடைத்தது என்ற இடைவெளிதான் கோபத்தை உண்டாக்குகிறது. வட அயர்லாந்தில் 1947-ல் வந்த கல்விச் சட்டம் இலவச இடைநிலைக் கல்வியைக் கொடுத்தது. தொழிலாளர் குடும்பத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் போனார்கள். பட்டம் வாங்கி ஊருக்குத் திரும்பினால் பெற்றோர் வீட்டில்தான் இருக்க வேண்டும், ஓட்டும் இல்லை. இந்த விளக்கம் நிறைய சொல்கிறது. ஆனாலும் போதாது. உலகத்தில் ஏமாற்றம் அடைந்தவர்கள் எல்லோரும் தெருவுக்கு வருவதில்லையே.

3. ஆட்கள் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தார்கள்

1970களில் ஜான் மெக்கார்த்தி, மேயர் ஸால்ட் என்ற இருவரும் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். கோபம் எங்கும் கிடைக்கிறது. பணம், நேரம், ஆட்கள், அச்சு இயந்திரம், கூடும் இடம் ஆகியவைதான் அரிது. அவற்றைத் திரட்டும் அமைப்பு இருந்தால்தான் இயக்கம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இயக்கத்தில் முன்னால் நின்ற பத்துப் பேரை எடுத்து, போராட்டத்துக்கு முன்பே அவர்கள் எங்கே சந்தித்துக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். பள்ளியா, தொழிற்சங்கமா, கோயிலா, மாணவர் விடுதியா? வட அயர்லாந்தில் 1967-ல் தொடங்கிய குடிமை உரிமைச் சங்கத்தில் தொழிற்சங்கத்தார், கம்யூனிஸ்ட்கள், ஒன்றுபட்ட ஐரிஷ் குடியரசை விரும்பிய குடியரசுவாதிகள், தாராளவாதிகள் எல்லோரும் இருந்தார்கள். ஆளும் கட்சியின் இளைஞர் பிரிவைச் சேர்ந்த ஒருவர்கூடச் செயற்குழுவில் இருந்தார். டெரியில், பின்னாளில் தேசியவாதத் தலைவரான ஜான் ஹ்யூம் முதலில் அறியப்பட்டது கூட்டுறவுக் கடன் சங்கம் வழியாக. 1968 அக்டோபரில் அங்கே அமைந்த குடிமக்கள் நடவடிக்கைக் குழுவின் தலைவர் ஐவன் கூப்பர் ஒரு புராட்டஸ்டன்ட்.

இந்தப் பட்டியலை எழுதி முடித்தால் ஒன்று தெளிவாகும்: 1968-ல் இந்த இயக்கத்தை ஓர் இனத்தின் இயக்கம் என்று சொல்வது கடினம். பெரும்பான்மை ஆதரவாளர்கள் கத்தோலிக்கர்கள்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் கதவு திறந்திருந்தது.

4. அரசு எங்கே விரிசல் விட்டது

சிட்னி டாரோவும் வேறு சிலரும் வளர்த்த கருத்து இது. மக்கள் போராட எப்போது துணிகிறார்கள்? அதிகாரத்தில் பிளவு தெரியும்போது, புதிய கூட்டாளி கிடைக்கும்போது, ஒடுக்குமுறை தளரும்போது. அரசியல் வாய்ப்பு என்று இதைச் சொல்வார்கள்.

1963-ல் பிரதமரான டெரன்ஸ் ஓ’நீல் சீர்திருத்தம் பேசினார். 1965 ஜனவரியில் தெற்கு அயர்லாந்தின் பிரதமர் ஷான் லமாஸைப் பெல்ஃபாஸ்டுக்கு அழைத்துச் சந்தித்தார். லண்டனில் 1964 முதல் தொழிலாளர் கட்சி ஆட்சி. கத்தோலிக்கர்கள் காது கொடுத்தார்கள், ஏதோ மாறப்போகிறது என்று. புதியவர்கள் தவறவிடும் இடமும் இதுதான்: அதே சமிக்ஞைகளை மறுபக்கமும் கேட்டது. புராட்டஸ்டன்ட் போதகர் இயன் பெய்ஸ்லி போன்றவர்கள் அதைத் துரோகமாக வாசித்துத் தெருவில் ஆள் திரட்டினார்கள். வாய்ப்பு ஒரு தரப்புக்கு மட்டும் திறப்பதில்லை. உங்கள் நோட்டின் இரண்டு பத்திகளிலும் ஒரே தேதிக்கு நேரே இரண்டு வாசிப்புகளையும் எழுதுங்கள்.

5. கோரிக்கை எந்தச் சொற்களில் வந்தது

டேவிட் ஸ்னோ, ராபர்ட் பென்ஃபோர்ட் என்ற இருவர் 1980களில் இதைத் தனி ஆய்வுத் துறையாகவே வளர்த்தார்கள். ஒரு குறையை இயக்கம் எந்தச் சட்டகத்தில் வைத்துக் காட்டுகிறது? யார் குற்றவாளி, என்ன தீர்வு, ஏன் இப்போது என்ற மூன்றையும் அது எப்படிச் சொல்கிறது?

வட அயர்லாந்துக் குடிமை உரிமை இயக்கம் தேர்ந்த சட்டகம் கூர்மையானது. பழைய தேசியவாதிகள் “நாங்கள் பிரிட்டிஷார் இல்லை” என்றார்கள். இவர்கள் “நாங்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்றால் எங்களுக்குப் பிரிட்டிஷ் உரிமைகள் எங்கே?” என்ற இடத்தில் நின்று கேட்டார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து ஊர்வல முறையையும் பாடலையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லைப் பிரச்சினையை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தார்கள்.

சரி, சொன்னது ஒன்று, கேட்கப்பட்டது என்ன? அந்த மண்ணில் ஊர்வலம் என்பது வெறும் நடை கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 12 அன்று, புராட்டஸ்டன்ட் மன்னர் கத்தோலிக்க மன்னரைத் தோற்கடித்த 1690-ன் பாய்ன் போர் வெற்றியைக் கொண்டாடி, ஆரஞ்சு அமைப்பு என்ற புராட்டஸ்டன்ட் சங்கத்தினர் போகும் பாதைகள் இருக்கின்றன. எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதே உரிமைப் பிரகடனம். குடிமை உரிமை ஊர்வலம் டெரி போன்ற ஒரு பழைய நகரத்தின் மதில்களுக்குள் நுழைய முயன்றபோது, பல புராட்டஸ்டன்ட்கள் அதில் வீட்டுக் கோரிக்கையைக் கேட்கவில்லை. தங்கள் இடத்தைப் பிடிக்க வருகிறார்கள் என்று கேட்டார்கள். ஆகவே சட்டகத்தை ஆராயும்போது துண்டறிக்கையை மட்டும் படிக்காதீர்கள். பாதை வரைபடத்தையும் எடுங்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போனது, அங்கே யார் வசித்தார்கள் என்று குறியுங்கள். நம் ஊரில் ஊர்வலப் பாதைக்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் வரை போவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

6. திருப்பங்களைப் பிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. நேரம் அதிகம் கொடுங்கள். உங்கள் தேதிப் பட்டியலில் ஐந்தாறு நிகழ்வுகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டே கேள்வி கேளுங்கள். இதற்குப் பிறகு புதிதாக யார் உள்ளே வந்தார்கள்? யார் வெளியேறினார்கள்?

1968 அக்டோபர் 5, டெரி. உள்துறை அமைச்சர் வில்லியம் கிரெய்க் ஊர்வலத்துக்குத் தடை போட்டிருந்தார். மீறி வந்தவர்கள் சில நூறு பேர்தான். டியூக் தெருவில் காவல்துறை இருபுறமும் அடைத்துத் தடியடி நடத்தியது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜெரி ஃபிட்டின் தலை உடைந்து ரத்தம் வழிந்ததை ஐரிஷ் தொலைக்காட்சியின் கேமரா பதிவு செய்தது. அன்று வரை ஒதுங்கி நின்ற குடும்பங்கள் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வந்தன. நவம்பர் 16 அன்று அதே நகரத்தில் ஊர்வலம் போனவர்கள் பல்லாயிரம். இங்கே அடி வாங்கியது இயக்கத்தை விரிவாக்கியது.

1969 ஜனவரி 4, பர்ன்டாலட் பாலம். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டெரிக்கு நான்கு நாள் நடைபயணம் வந்த மாணவர்களை ஒரு கும்பல் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. கும்பலில் பணியில் இல்லாத துணைக் காவல் படையினரும் இருந்தார்கள். காவல்துறை நடுநிலையானது என்ற நம்பிக்கை பலருக்கு அன்றோடு போனது.

1969 ஆகஸ்ட் 12 முதல் 14 வரை டெரியில் கத்தோலிக்கர்கள் வாழ்ந்த பாக்சைட் பகுதி மக்களுக்கும் காவல்துறைக்கும் மோதல். அது பெல்ஃபாஸ்ட்டுக்குப் பரவி, பம்பாய் தெரு என்ற கத்தோலிக்கத் தெரு எரிக்கப்பட்டது. அந்த இரண்டு மூன்று மாதங்களில் 1,800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு விட்டு ஓடின. பெரும்பாலானவை கத்தோலிக்கக் குடும்பங்கள், புராட்டஸ்டன்ட் குடும்பங்களும் உண்டு. கலந்து வாழ்ந்த தெருக்கள் பிரிந்தன, நடுவே தடுப்பு எழுந்தது. இந்த இடத்தில் சட்டென்று ஒரு புதிய கேள்வி வந்துவிடுகிறது: இரவில் தெருவை யார் காப்பது? உரிமை கேட்டவர்களிடம் அதற்கு விடை இல்லை. துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னவர்களிடம் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், அயர்லாந்தை இணைக்க ஆயுதமேந்திய ஐஆர்ஏ (ஐரிஷ் குடியரசுப் படை) இரண்டாக உடைந்து, தற்காலிக ஐஆர்ஏ பிறந்தது.

பிரிட்டிஷ் ராணுவம் 1969 ஆகஸ்டில் வந்தபோது கத்தோலிக்கத் தெருக்களில் சிப்பாய்களுக்குத் தேநீர் கொடுத்து வரவேற்றார்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழம்பகை விளக்கம் சரியென்றால் அந்தத் தேநீர் நடந்திருக்கவே கூடாது. ஓராண்டுக்குள், 1970 ஜூலை 3 முதல் 5 வரை, பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்கர்கள் வாழ்ந்த ஃபால்ஸ் பகுதியில் ஊரடங்கு போட்டு வீடு வீடாகச் சோதனை. நான்கு பேர் செத்தார்கள். கடைசியில் பக்கத்துப் பகுதிப் பெண்கள் ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு ராணுவத் தடையைத் தள்ளி உள்ளே போனார்கள். 1971 ஆகஸ்ட் 9 அன்று விசாரணையில்லாத காவல் தொடங்கியது. முதல் நாளில் பிடிக்கப்பட்ட 342 பேரும் ஏறக்குறைய ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். பழைய பட்டியலை வைத்துப் பிடித்ததால் சம்பந்தமே இல்லாத பலர் சிக்கினார்கள். அடுத்த மாதங்களில் சாவு எண்ணிக்கை பல மடங்கு ஏறியது. 1972 ஜனவரி 30 அன்று, அந்தக் காவலை எதிர்த்து டெரியில் குடிமை உரிமைச் சங்கம் நடத்திய ஊர்வலத்தில் ராணுவம் சுட்டு 13 பேர் இறந்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார்.

டொனடெல்லா டெல்லா போர்ட்டா போன்றவர்கள் சொல்வது இந்த ஊடாட்டத்தைத்தான். வன்முறை ஒரு குழுவின் மனதில் முன்பே முழுதாக உட்கார்ந்திருப்பதில்லை. அரசு, எதிர் இயக்கம், போட்டி அமைப்புகள் என்று பலரும் மாறி மாறி எடுக்கும் நடவடிக்கைகளில் அது வளர்கிறது.

இதற்கு ஒரு நல்ல சரிபார்ப்பு இருக்கிறது. 1956 முதல் 1962 வரை ஐஆர்ஏ எல்லைப் பகுதியில் ஆயுதப் போர் நடத்தியது. அதே மண், அதே வரலாறு, அதே தேசியம். ஆனால் மக்கள் ஆதரவு இல்லை; அதை நிறுத்தியபோது அந்த அமைப்பே தன் அறிக்கையில் அந்தக் காரணத்தைச் சொன்னது. பத்தாண்டுக்குள் அதே பெயர் தாங்கிய அமைப்புக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மாறியது வரலாறு அல்ல, 1968-க்கும் 1972-க்கும் நடுவில் தெருவில் நடந்தவை.

இன்னொரு பக்கத்தையும் எழுதாமல் இந்தப் படியை முடிக்காதீர்கள். 1972 ஜூலை 21 அன்று தற்காலிக ஐஆர்ஏ பெல்ஃபாஸ்ட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் சுமார் இருபது குண்டுகளை வெடித்து ஒன்பது பேரைக் கொன்றது. அது சிலர் கூடி எடுத்த முடிவு. ஏதோ வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது போல அதை எழுதுவது செத்தவர்களுக்குச் செய்யும் அநீதி. காரணத்தை விளக்குவது வேறு, நியாயப்படுத்துவது வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காமல் எழுதப் பழகுங்கள்.

7. இனம் என்பதை எல்லைக் கோட்டில் தேடுங்கள்

இப்போது தேசியக் கோட்பாடுகளைத் திறக்கலாம். தொழில்மயமான சமூகத்துக்குப் பொதுக் கல்வியும் பொது மொழியும் தேவைப்பட்டதால் தேசியம் பிறந்தது என்றார் எர்னெஸ்ட் கெல்னர். முகம் பார்த்திராத லட்சக்கணக்கானவர்களை நம்மவர் என்று கற்பனை செய்ய அச்சு ஊடகம் வழி செய்தது என்றார் பெனடிக்ட் ஆண்டர்சன். அவ்வளவு புதிது இல்லை, பழைய இன நினைவுகளும் தொன்மங்களும் இல்லாமல் தேசம் கட்ட முடியாது என்றார் ஆந்தனி ஸ்மித். மூவரையும் படியுங்கள். ஆனால் ஒரு போராட்டத்தைப் படிக்க எனக்கு அதிகம் உதவியவர் 1969-ல் எழுதிய நார்வே மானிடவியலாளர் ஃப்ரெட்ரிக் பார்த். ஓர் இனக்குழுவின் பண்பாட்டுச் சரக்கைப் பட்டியல் போடாதீர்கள், அது தன்னை மற்றவரிடமிருந்து பிரிக்கும் எல்லை எப்படிக் காக்கப்படுகிறது என்று பாருங்கள் என்றார் அவர்.

வட அயர்லாந்தில் இரு பக்கமும் வெள்ளையர்கள், வீட்டில் பேசுவது ஆங்கிலம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள்: குடும்பப் பெயர், படித்த பள்ளி, ஆதரிக்கும் கால்பந்து அணி, ஆங்கில எட்டாவது எழுத்தைச் சொல்லும் விதம். தனித்தனிப் பள்ளிகள், தனித்தனிப் பகுதிகள், மிக அரிதான கலப்பு மணம் ஆகியவைதான் எல்லையைக் காத்தன. இறையியல் சண்டை பெரிதாக இல்லை.

எல்லை இறுகியதை எண்களிலும் பார்க்க முடிகிறது. மோதல் வெடிப்பதற்குச் சற்று முன், 1968-ல், ரிச்சர்ட் ரோஸ் நடத்திய கருத்தாய்வில் புராட்டஸ்டன்ட்களில் 39 விழுக்காட்டினர் தங்களைப் பிரிட்டிஷார் என்றார்கள். 20 விழுக்காட்டினர் ஐரிஷ் என்றார்கள். பத்தாண்டு கழித்து வேறோர் ஆய்வில் அதே கேள்விக்குப் பிரிட்டிஷ் என்றவர்கள் 67 விழுக்காடு, ஐரிஷ் என்றவர்கள் 8 விழுக்காடு. தன்னை ஐரிஷ் என்றும் சொல்லிக்கொண்ட புராட்டஸ்டன்ட் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய காணாமல் போனார். இன அடையாளம் முன்பே கெட்டியாக இருந்து சண்டையை உண்டாக்கியது என்றால், சண்டைக்குப் பிறகு இவ்வளவு மாறியிருக்காது. நீங்கள் எந்தப் போராட்டத்தைப் படித்தாலும் இப்படி முன்னும் பின்னும் எடுத்த ஒரு கணக்கெடுப்பைத் தேடுங்கள். கிடைத்தால் அது பொக்கிஷம்.

8. ஆவணங்களை ஒன்றோடொன்று மோத விடுங்கள்

அல்ஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் கெய்ன் என்ற ஆவணக் காப்பகம் இலவசம். நாள்வாரி நிகழ்வுகள், சாவுப் பட்டியல், அரசு அறிக்கைகள், துண்டறிக்கைகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. 1969 செப்டம்பரில் வந்த கேமரூன் ஆணைய அறிக்கையில் தொடங்குங்கள். ஊர்வலக்காரர்களின் குறைகளில் உண்மை இருக்கிறது என்று அரசு அமைத்த குழுவே எழுதிய ஆவணம் அது.

அப்புறம் ஒரு பயிற்சி. 1972 ஜனவரி 30 துப்பாக்கிச் சூட்டைப் பற்றி இரண்டு அதிகாரபூர்வ அறிக்கைகள் உண்டு. சில வாரங்களில் முடிந்த விட்ஜெரி அறிக்கை ராணுவத்தைப் பெரும்பாலும் விடுவித்தது. 1998-ல் அறிவிக்கப்பட்டு 2010 ஜூனில் வெளிவந்த சவில் அறிக்கை, சுடப்பட்டவர்கள் யாரும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கவில்லை என்றது. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஒரே நாள், ஒரே தெரு. முதல் அறிக்கை யாரிடம் சாட்சி கேட்டது, யாரை நம்பியது, இரண்டாவது யாரைக் கேட்டது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அரசு ஆவணத்தையும் இயக்கத்தின் ஆவணத்தையும் எப்படி வாசிப்பது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

9. என்ன கிடைத்தது

இது சுருக்கமான படி. கோரிக்கைப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றின் எதிரேயும் ஆண்டை எழுதுங்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, 1969 சட்டத்தில் வந்தது. துணைக் காவல் படை 1970-ல் கலைக்கப்பட்டது. வீடு ஒதுக்கும் அதிகாரம் கவுன்சிலர்களிடமிருந்து பறிக்கப்பட்டு 1971-ல் தனி வாரியத்திடம் போனது. கேட்டதில் பெரும்பகுதி மூன்றே ஆண்டில் காகிதத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் அவை வந்தபோது கேள்வியே மாறியிருந்தது. இயக்கம் வென்றதா தோற்றதா என்று ஒரே சொல்லில் எழுத முடியாது.

10. அடுத்து எதை எடுப்பது

ஒப்பீட்டுக்கு, இனத் தேசியம் வலுவாக இருந்தும் வேறு வழியில் போன ஒரு நிகழ்வை எடுங்கள். எஸ்டோனியா பொருத்தமானது. 1989 ஆகஸ்ட் 23 அன்று மூன்று பால்டிக் நாடுகளின் வழியே சுமார் 600 கிலோமீட்டருக்கு மக்கள் கைகோத்து நின்றார்கள். 1991-ல் எஸ்டோனியா போரில்லாமல் விடுதலை பெற்றது. ஆனால் விடுதலைக்குப் பிறகு, சோவியத் காலத்தில் குடியேறிய ரஷ்ய மொழி பேசுவோரில் பெரும்பாலோருக்குத் தானாகக் குடியுரிமை கிடைக்கவில்லை. ரத்தம் சிந்தாத போராட்டத்திலும் எல்லைக் கோடு இருந்தது. அதைப் பிறகு சட்டம் வரைந்தது. ஆறாம் படியும் ஏழாம் படியும் இங்கே எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்தால் நிறையப் புரியும்.

இந்த இரண்டையும் முடித்த பிறகு நம் பக்கத்துக்கு வாருங்கள். இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் விவாதத்துக்கு வந்த காலத்திலிருந்து 1961 சத்தியாகிரகம் வரையிலான ஐந்து ஆண்டுகள் இந்தப் படிகளுக்கு நன்றாகப் பொருந்தும். இடது பத்தியின் முதல் வரியாக 1956 ஜூன் 5, காலி முகத்திடல், தமிழரசுக் கட்சியின் சத்தியாகிரகம் என்று எழுதுங்கள். வலது பத்தியில் அன்று அவர்களைத் தாக்கியவர்கள் யார், அங்கே இருந்த காவல்துறை என்ன செய்தது, நாடாளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள் என்று தேடி நிரப்புங்கள். “தமிழர்கள்”, “சிங்களவர்கள்” என்று தொடங்கும் வாக்கியம் வந்தால் நிறுத்தி, அந்த இடத்தில் ஓர் அமைப்பின் பெயரையோ ஆளின் பெயரையோ போடுங்கள்.